ட்ரயல்ஸ் சைக்கிளில் ஃப்ரீவீல் கிராங்கில் இருக்க வேண்டுமா, பின்சக்கரத்தில் இருக்க வேண்டுமா?

ஒத்தக்கடை ஓட்டி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சாதாரண எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) வண்டியில் பின்சக்கரத்தில் நின்று துள்ளுவதையும் பக்கவாட்டில் தாவுவதையும் ஓரளவு பழகிக்கொண்ட பிறகு, கால் தரையில் படாமல் தடைகள்மேல் தாவி ஏறும் ட்ரயல்ஸ் விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட 20 அங்குல சைக்கிள் ஒன்றின் ஃப்ரேம், ஃபோர்க், முன்சக்கரம், பிரேக் ஆகியவற்றைப் பயன்படுத்திய பொருளின் விலைக்கு வாங்கியிருக்கிறேன். கிராங்க் (மிதி பூட்டப்படும் கை), ஃப்ரீவீல் (முன்னோக்கி மிதித்தால் பிடித்து, மிதிக்காதபோது தனியே சுழலவிடும் பல்சக்கரம்), செயின், பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆகிய நான்கும் அதில் இல்லை. அவற்றை நானே தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. நாம் அன்றாடம் ஓட்டும் சைக்கிள்களில் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இருக்கிறது. ஆனால் போட்டிகளில் ஓட்டப்படும் 20 அங்குல வண்டிகளின் படங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஃப்ரீவீல் கிராங்கோடு சேர்ந்து முன்னால் இருக்கிறது. பின் ஹப்பில் சுழலாத ஒரு சிறிய பல்சக்கரம் மட்டும் திருகப்பட்டிருக்கிறது. முன்னால் வைத்தால் மிதித்தவுடன் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். பின்னால் வைத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரு தரப்பிலும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

என் எடை 68 கிலோ. மேலூர்ப் பக்கம் ஒரு தோப்பில், உரிமையாளரின் அனுமதியோடு, அறுத்து ஒதுக்கிய கிரானைட் துண்டுகளை முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் அடுக்கி வைத்துப் பழகுகிறோம். கற்களின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டுதான் அங்கே போகிறோம் என்பதால் சாலையில் ஓட்டும் தேவை எனக்கு அநேகமாக இல்லை. இரண்டு அமைப்புக்கும் வெளிநாட்டிலிருந்துதான் பாகங்களை வரவழைக்க வேண்டும் என்பதால் ஒரு முறைதான் செலவழிக்க முடியும். விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

திருநகர் ஆசிரியை:

வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். 26 அங்குல ட்ரயல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். நீங்கள் கேட்டவற்றில் பிடிப்பு பற்றிய பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் தவறான செய்தி அதிகம் பரவியிருக்கிறது.

ட்ரயல்ஸில் நாம் தொடர்ந்து மிதிப்பதில்லை. பின்பிரேக்கைப் பிடித்து நின்றபடி, மிதியைப் பின்னோக்கிச் சுற்றி, வசதியான காலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கை விடும் அதே நொடியில் கால்வாசிச் சுற்று மிதித்துத் தாவுகிறோம். அந்தக் கால்வாசிச் சுற்றில் முதல் சில பாகைகள் வெறுமனே போய்விட்டால், தாவலுக்கான விசை குறைவதோடு, கால் திடீரென்று இறங்கி நிலை தடுமாறும். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாக்குகள் ஒரு சுற்றில் எத்தனை இடங்களில் பிடிக்கின்றன என்பதை நாம் கிளிக் எண்ணிக்கை என்கிறோம். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீவீலை விரலால் சுற்றி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை 18 என்று வந்தால், ஒரு பிடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 20 பாகை இருக்கிறது என்று பொருள். அதை 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கில் பூட்டினால், பிடிப்பதற்கு முன் மிதி ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை வீணாக இறங்கக்கூடும். இடுப்பு உயரக் கல்லின் விளிம்பில் நிற்கும்போது அந்த 6 சென்டிமீட்டர் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

அமெரிக்காவின் வொயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் ட்ரயல்ஸுக்கென்று செய்யும் ஃப்ரீவீலுக்கு 72 கிளிக். கிராங்கில் வைத்தால் இடைவெளி 5 பாகை. மிதி அதிகபட்சம் 15 மில்லிமீட்டர் இறங்கும். இனி, அதே 72 கிளிக் பின்சக்கரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் 18 பல், பின்னால் 12 பல் என்ற விகிதத்தில், கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். சக்கரத்தில் வீணாகும் 5 பாகை, கிராங்கில் 3.33 பாகையாகத்தான் தெரியும். மிதி 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆகவே கிளிக் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பின்னால் இருப்பதுதான் முந்திப் பிடிக்கும். கிராங்கில் 108 கிளிக் வைத்தால்தான் பின்னால் இருக்கும் 72-க்கு அது ஈடாகும்.

அப்படியானால் முன்னால் இருப்பதுதான் வேகமாகப் பிடிக்கிறது என்று ஓட்டுபவர்கள் உணர்வது வெறும் கற்பனையா என்றால், அதுவும் இல்லை. ஃப்ரீவீல் பின்னால் இருக்கும்போது மிதியைப் பின்னோக்கிச் சுற்றினால் செயினும் பின்னோக்கி இழுபடுகிறது. அதனால் கீழ்ச்செயின் விறைத்து, மேல்செயின் சற்றுத் தொய்கிறது. மீண்டும் முன்னோக்கி மிதிக்கும்போது அந்தத் தொய்வை இழுத்து முடித்த பிறகே விசை சக்கரத்துக்குப் போகும். ஃப்ரீவீல் கிராங்கில் இருந்தால், பின்னோக்கிச் சுற்றும்போது கிராங்க் மட்டுமே சுற்றுகிறது. செயின் இருந்த இடத்தில் இருந்த விறைப்போடு நிற்கிறது. செயின் சரியாக இழுத்துக் கட்டப்படாத வண்டியில் இந்த வேறுபாடு, கிளிக் எண்ணிக்கையால் வரும் வேறுபாட்டைவிடவும் பெரிதாகிவிடலாம். அதே நேரத்தில், வண்டி உருண்டு வந்து தாவும் இடங்களில் நிலைமை தலைகீழாகிறது: முன் ஃப்ரீவீல் வண்டியில் பின்சக்கரம்தான் செயினை ஓட்டிக்கொண்டு வருவதால், அப்போது மேல்செயின் தொய்கிறது. நின்ற இடத்திலிருந்து தாவுவது ட்ரயல்ஸில் அதிகம் என்பதால் மொத்தத்தில் ஆதாயம் முன் ஃப்ரீவீலுக்குத்தான். ஆனால் அதற்குக் காரணம் பலரும் சொல்லும் காரணம் அல்ல.

பழங்காநத்தம் பட்டறை:

தம்பி, ஆசிரியை அவர்கள் போட்ட கணக்கு முற்றிலும் சரி. ஆனால் 20 அங்குல வண்டியில் முடிவைத் தீர்மானிப்பது பல்சக்கரத்தின் அளவுதான் என்பது என் கருத்து.

ட்ரயல்ஸ் ஃப்ரீவீல்களின் உட்புரி 1.37 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது. அந்தப் புரியைச் சுற்றிக் குண்டுகளும் நாக்குகளும் அவற்றுக்கு வெளியே பற்களும் அமைய வேண்டியிருப்பதால், 16 பல்லுக்குக் கீழே ஃப்ரீவீல் கிடைப்பது அரிது. பின்னால் 16 பல் வைத்து, உங்கள் வண்டிக்கு வேண்டிய ஒன்றரை விகிதத்தைக் கொண்டுவர வேண்டுமானால் முன்னால் 24 பல் வேண்டும். ஃப்ரீவீலை முன்னால் கொண்டுபோய்விட்டால், பின் ஹப்பில் நேராகத் திருகும் 12 பல் சக்கரமே போதும். முன்னால் 18 பல் ஃப்ரீவீல் சரியாக அமையும். 24 பல் சக்கரத்தின் விட்டம் 97 மில்லிமீட்டர். 18 பல்லின் விட்டம் 73. அதாவது கிராங்கின் அடியில் 12 மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி கிடைக்கிறது. நீங்கள் தாவும் கிரானைட் விளிம்பில் பின்சக்கரத்துக்கு முன்பாக மோதுவது அந்த இடம்தான். அங்கே கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு. 30 மில்லிமீட்டர் புரியுள்ள 13 பல் பி.எம்.எக்ஸ். ஃப்ரீவீல் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். அதன் உடம்பில் சதையே இல்லை, நாக்குகளும் சிறியவை. ட்ரயல்ஸுக்கு அதை நான் பூட்டித்தர மாட்டேன்.

இனி, இதற்குக் கொடுக்க வேண்டிய விலையைச் சொல்கிறேன். சிறிய பல்சக்கரம் என்றால் செயினில் இழுவை கூடும். உங்கள் 68 கிலோவை உடை, காலணியோடு 70 என்று வைத்துக்கொண்டு, அவ்வளவையும் படுக்கையாக நிற்கும் 170 மில்லிமீட்டர் கிராங்கின் மிதியில் ஏற்றினால், 24 பல் சக்கரத்தில் செயின் ஏறத்தாழ 245 கிலோ அளவுக்கு இழுபடும். 18 பல்லில் அது 325 கிலோவாகிறது. தாவும்போது மிதியில் விழுவது வெறும் உடல் எடை அல்ல, அதற்கும் மேல். ஃப்ரீவீலின் உள்ளே இருக்கும் நாக்குகளுக்கும் இதே கதைதான்: கிராங்கில் இருந்தால் காலின் முறுக்குவிசை முழுவதையும் அவை தாங்க வேண்டும், பின்னால் இருந்தால், ஒன்றரை விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கினால் போதும். பின்னால் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே முன் ஃப்ரீவீல் வாங்குவதென்றால் ட்ரயல்ஸுக்கென்று செய்ததாக வாங்குங்கள். செயினிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை செயினைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பி, தகட்டில் பின் நுழையும் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் கண்டால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றிச் சமாளிக்கக் கூடாது. செயினையே மாற்றிவிட வேண்டும்.

பூட்டும் விதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் முறை பார்க்கும் மெக்கானிக்குகள்கூட இதில் குழம்புகிறார்கள். இதற்கான கிராங்கில் புரி, ஃப்ரேமைப் பார்த்த உட்பக்கத்தில் இருக்கும். ஃப்ரீவீல் அந்தப் பக்கமிருந்து திருகப்படுவதால் அதன் முகம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் பின்சக்கரத்துக்கென்று அமைந்த அதே உள்ளமைப்பு, முன்னாலும் சரியான திசையில் பிடிக்கிறது. மிதிக்க மிதிக்க அது தானாகவே இறுகிக்கொண்டும் போகும். அலுமினியக் கிராங்கில் இரும்பு ஃப்ரீவீல் இப்படி இறுகிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே புரியில் கிரீஸை நன்றாகப் பூசாமல் திருகவே கூடாது. கழற்றும்போது ஃப்ரீவீலின் வெட்டுகளில் சரியாக உட்காரும் ரிமூவரை வைஸில் பிடித்துக்கொண்டு, கிராங்கையே நெம்புகோலாகத் திருப்ப வேண்டும். ஸ்பானர் போட்டு அடித்தால் வெட்டுகள் வழித்துக்கொண்டு போய்விடும்.

ஒத்தக்கடை ஓட்டி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 12 மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்த பிறகு என் மனம் முன் ஃப்ரீவீல் பக்கமே சாய்கிறது. ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. புரி உள்ள கிராங்குக்குத்தான் விலை அதிகமாக இருக்கிறது. என்னிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் சாதாரண அலுமினியக் கிராங்க் ஒரு செட் உள்ளது. லேத் பட்டறையில் புரியுள்ள ஓர் இரும்பு வளையத்தைக் கடைந்து அதில் பொருத்திக்கொள்ளலாமா? அல்லது இரும்புக் கிராங்க் வாங்கி, ஃப்ரீவீலை அதோடு வெல்டிங் செய்துவிடலாமா? பழகுபவர்களில் ஒருவர் இவ்விரண்டு வழிகளையும் சொன்னார்.

திருமங்கலம் சாலை:

மேலே சொன்னவற்றை மறுப்பதற்காக எழுதவில்லை. ஆனால் பின் ஃப்ரீவீலுக்காகப் பேச இங்கே ஒருவராவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முன் ஃப்ரீவீல் வண்டியில் சக்கரம் சுழலும் வரை செயினும் சுழன்றுகொண்டே இருக்கும், நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கும்போதும், ஸ்டாண்டில் தூக்கிவைத்துச் சக்கரத்தைச் சுற்றும்போதும், பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே எது போனாலும் அது இழுத்துக்கொள்ளும். என்னோடு பழக வரும் சிறுவர்கள் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பின் ஃப்ரீவீல் வண்டியில் அப்போது செயின் அசையாமல் நிற்கும், முன் ஃப்ரீவீல் வண்டியில் விரலை நறுக்கிவிடும். கால்சட்டையின் ஓரமும் அவிழ்ந்த ஷூ கயிறும் அப்படியே. மேலும், ஓடும்போது செயின் கழன்று பின் பல்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் இடையே சிக்கினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் ஃப்ரீவீல் இருக்கும் வண்டியில் அந்த ஆபத்து குறைவு.

எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஓட்டினால் செயினெல்லாம் களிமண் அப்பிக்கொள்ளும். ஓயாமல் ஓடும் செயின் அந்த மண்ணைக் கிராங்கிலிருக்கும் ஃப்ரீவீலுக்கே சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கிறது. செம்மண் தோப்பில் ஓட்டும் உங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது.

24, 26 அங்குல வண்டி ஓட்டுபவர்கள் இந்த உரையாடலைப் படித்துவிட்டு முன் ஃப்ரீவீல்தான் எல்லாருக்கும் ஏற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 26 அங்குலத்தில் வேண்டிய விகிதம் ஏறத்தாழ 1.2 தான். முன்னால் 18, பின்னால் 15 என்று வைத்தாலும், முன்னால் 22, பின்னால் 18 என்று வைத்தாலும் அது வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் அடியில் உள்ள இடைவெளி வேறுபாடு 8 மில்லிமீட்டர்தான். சக்கரமே பெரிதாக இருக்கும் வண்டியில் அதை இழப்பது பெரிய இழப்பல்ல. பின் ஹப்பிலேயே பிடிப்பு அமைந்த நல்ல ஹப்கள் நிறைய உண்டு: கிறிஸ் கிங் ஹப்புக்கு 72 பிடிப்புகள், ப்ரொஃபைல் நிறுவனத்தின் எலைட் ஹப்புக்கு 204. ஆசிரியை சொன்ன முறைப்படி 22-க்கு 18 விகிதத்தில் கணக்கிட்டால், அந்த 204 பிடிப்புகள் கிராங்கில் ஒன்றரைப் பாகைக்கும் குறைவான இடைவெளியாகத்தான் தெரியும். முன் ஃப்ரீவீலில் அவ்வளவு நெருக்கமான பிடிப்பை நான் கண்டதில்லை. கிராங்கும் சாதாரணக் கிராங்காகவே இருக்கலாம். பின்னாளில் மாற்றுவதும் எளிது.

ஒத்தக்கடை நண்பருக்குச் சாலையில் ஓட்டும் தேவை இல்லை, வண்டி 20 அங்குலம், கற்கள் கூரானவை. அவர் முன் ஃப்ரீவீல் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அடியில், பல்சக்கரத்தைக் காக்கும் அலுமினிய வளையமான பேஷ் ரிங் வைத்துக் கல்லில் உரசியே ஏறும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தோப்பில் அடுக்கிய கல்லில் அதைச் செய்யுங்கள், கீழக்குயில்குடிச் சமணர் மலை போன்ற இடங்களில் வேண்டவே வேண்டாம். அங்கே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ள பாறைகள் இருக்கின்றன. நம் பேஷ் ரிங் கீறிய கோட்டை எவராலும் அழிக்க முடியாது.

பழங்காநத்தம் பட்டறை:

திருமங்கலத்துக்காரர் சொன்ன செயின் ஆபத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அவர் சொன்னது நல்லதாயிற்று. தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு வழிகளும் வேண்டாம்.

ஃப்ரீவீலின் உள்ளே நாக்குகள் பிடிக்கும் பற்கள் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு ஏறினால் அந்தக் கடினம் போய்விடும். உள்ளே இருக்கும் கிரீஸும் கருகிவிடும். பார்வைக்கு உறுதியாகத் தெரியும் அந்தப் பற்கள், சில நாள் ஓட்டத்திலேயே முனை மழுங்கி, மிதிக்கும்போது நழுவத் தொடங்கும். பின்சக்கரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஃப்ரீவீல் நழுவினால் தாடையும் முழங்காலும்தான் முதலில் அடிபடும். அலுமினியக் கிராங்கில் இரும்பு வளையம் பொருத்துவதும் அப்படித்தான். அதைத் திருகாணிகளால் பிடித்தாலும் அழுத்திப் பொருத்தினாலும், காலின் முறுக்குவிசை முழுவதும் அந்த இணைப்பின் வழியாகத்தான் போக வேண்டும். நம்மூர் லேத் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. எவ்வளவு துல்லியமாகவும் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் துளையிட்டு மெலிந்துபோன கிராங்கின் உலோகத்துக்கு வலிமையைத் திருப்பிக் கொடுக்க அவர்களாலும் முடியாது. பணம் போதவில்லை என்றால், கிராங்கையும் ஃப்ரீவீலையும் இப்போது வாங்கிக்கொண்டு, பின் ஹப்பில் சிக்கனம் பாருங்கள்: 1.37 அங்குலப் புரி உள்ள, பேரிங் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஹப் போதும். பின்னால் ஃப்ரீவீலே இல்லாததால் அதில் கெட்டுப்போக வேறு ஒன்றுமில்லை.

உங்கள் ஃப்ரேமின் பின் ட்ராப்அவுட் (பின்சக்கர ஆக்சில் உட்காரும் பிளவு) படுக்கையாக இருந்தால், செயினை ஸ்பிரிங் டென்ஷனரால் இழுக்காமல், ஆக்சிலையே பின்னுக்குத் தள்ளும் ஸ்னெயில் கேம் (நத்தை ஓடு வடிவத் தகடு) இரண்டைப் பூட்டிக்கொள்ளுங்கள். வண்டி உருளும்போது இந்த அமைப்பில் மேல்செயின் தொய்யும் என்று ஆசிரியை சொன்னாரல்லவா? அப்போது கீழ்ச்செயின்தான் இழுபடும். கீழே இருக்கும் ஸ்பிரிங் அந்த இழுவைக்கு விட்டுக்கொடுத்தால் மேலே தொய்வு விழும்; கேமில் அது நடக்காது. மேல்செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கிராங்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, எந்த இடத்திலும் அதைவிட இறுகவோ தளரவோ இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாகங்கள் வந்து சேர்ந்ததும் செயினை நீங்களே வெட்டிவிட வேண்டாம். ஃப்ரேமோடு பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் பாட்டம் பிராக்கெட் ஆக்சிலின் (கிராங்குகள் பூட்டப்படும் அச்சின்) நீளத்தை மாற்றிய பிறகு வெட்டலாம்.